சர்க்கரை ஒட்டிய திருகு

மார்ச் 3, செவ்வாய்

காலையில் மூடுபனி. பெட்டி ஆர்கனை, அதாவது பெட்டிக்குள் அடங்கும் சின்னக் குழாய் வாத்தியத்தை, வேனில் ஏற்றிக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். வயலும் கால்வாயும் தெரியவில்லை. மேகத்துக்குள் ஓட்டுவதுபோல் இருந்தது. ஆர்கன் எண்பது கிலோ என்று எழுதி ஒட்டியிருக்கிறார்கள். பொய். இருநூறு இருக்கும். நெதர்லாந்தின் இந்த வடகோடி ஃப்ரீஸ்லாந்திலேயே இதைத் தனியாய்த் தூக்குகிறவன் நான்தான். அடியில் சக்கரம் இருப்பது வேறு விஷயம்.

பக்கத்தில் அக்காள் மகள் ஹில்ட்யே. வயது முப்பத்தெட்டு. பதினாறு வருஷமாய், முந்நூறு வருஷத்துப் பழைய பாட்டுகளை மட்டும் தேவாலயம் தேவாலயமாய்ப் பாடிவருகிறாள். மடியில் ஆம்ஸ்டர்டாம் கடிதம்: ஓப்பரா இசைநாடகக் கோரஸில் நிரந்தர வேலை, 31ஆம் தேதிக்குள் பதில்.

"அங்க அறுபது பேரு, மாமா. எல்லாரும் குரலை ஆட்டி ஆட்டிப் பாடணும். என் குரல் எனக்கே கேக்காது."

"அப்ப போகாதே."

"சாப்பாட்டுக்கு? உங்க பெருமையையா வறுத்துத் திங்கிறது?"

மார்ச் 12, வியாழன்

28ஆம் தேதி எங்கள் ஊர்த் தேவாலயத்தில் தவக்காலக் கச்சேரி. பெல்ஜியத்திலிருந்து கெண்ட் நகரத்து இசைக்குழுத் தலைவர் லீவன் அவளைக் கேட்க வருகிறார். பிடித்தால் தன் குழுவில் தனிப்பாடகியாய் எடுப்பார். அவருக்குக் கடிதம் போட்டதே நான்தான் என்று ரொட்டிக்கடையில் சொன்னேன். போட நினைத்தது நிஜம்.

மார்ச் 27, வெள்ளி

ஹில்ட்யே இருமினாள். இரண்டு தடவை.

மார்ச் 28, சனி

என்ன காரியம் பண்ணிட்டேன்.

மத்தியானம் தேவாலயம் ஐஸாய்க் கிடந்தது. பதினாறு டிகிரிக்கு மேல் வேண்டாமென்று வாத்தியக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். அப்போ அவள் தொண்டை? ஆள் இல்லாத நேரம் பார்த்து, சர்க்கரை ரொட்டியைத் தின்றுகொண்டே ஹீட்டரை இருபத்துநாலுக்குத் திருகினேன்.

நாலு மணிக்குக் கச்சேரி. சூட்டில் ஆர்கனின் சுருதி மேலே ஏறிவிட்டது. வயலின்களின் ஆட்டுக்குடல் நரம்புகள் கீழே இறங்கிவிட்டன. முறுக்கி முறுக்கிப் பார்த்தார்கள். ஒன்று டப்பென்று அறுந்தது.

"எந்த மடையன் ஹீட்டர்ல கை வச்சது?" என்றாள் வயலின்காரி யோஸ்யே.

நான் தூணுக்குப் பின்னால். முதல் வரிசையில் லீவன் கடிகாரத்தைப் பார்த்தார்.

ஹில்ட்யே கையைத் தூக்கி எல்லோரையும் நிறுத்தினாள். வாத்தியம் எதுவும் இல்லாமல், தனியாய் ஆரம்பித்தாள். அந்தக் குரல் ஆடவே இல்லை — உறைந்த கால்வாய்மேல் காலை வெளிச்சம் நேராய்ப் போகுமே, அப்படி. தேவாலயம் தரையைவிட்டு ஒரு முழம் கிளம்பி மிதந்தது. இதில் நான் எதையும் கூட்டிச் சொல்லவில்லை.

மார்ச் 29, ஞாயிறு

லீவன் ஒரு வார்த்தை பேசாமல் ஊருக்குப் போய்விட்டாராம்.

மார்ச் 31, செவ்வாய்

போன் செய்தாள்.

"ஆம்ஸ்டர்டாமுக்கு வரலைன்னு எழுதிட்டேன், மாமா."

"லீவன் கூப்பிட்டாரா?"

"இல்ல. அன்னிக்குத் தனியாப் பாடினப்போ என் குரல் எனக்குக் கேட்டுச்சு. அது போதும்."

"ஹில்ட்யே, அந்த ஹீட்டர்..."

"தெரியும். திருகுல சர்க்கரை ஒட்டியிருந்துச்சு. யோஸ்யே பாக்குறதுக்குள்ள நான்தான் தொடைச்சேன்."

ஏப்ரல் 9, வியாழன்

ரொட்டிக்கடையில் கச்சேரி பற்றிக் கேட்டார்கள். நன்றாகப் பாடினாள் என்று மட்டும் சொன்னேன்.

மே 16, சனி

கெண்ட். ஏப்ரல் கடைசியில் லீவன் கூப்பிட்டுவிட்டார்; இன்று அவர் குழுவில் ஹில்ட்யேயின் முதல் கச்சேரி. கல் தேவாலயம், மே மாதத்திலும் குளிர். ஹீட்டர் திருகின்மேல் ஹில்ட்யே கையெழுத்தில் ஒரு சீட்டு: 'மாமா, வேண்டாம்.'

"அந்த மாமா நீங்கதானா?" என்று லீவன் சிரித்தார். அவருக்குப் பாதி சர்க்கரை ரொட்டி கொடுத்தேன்.

உள்ளே அவள் குரலைப் பழக்கிக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டே ஆர்கனை இறக்கினேன். எண்பது கிலோதான்.