வலது பக்கம் துடித்தால்

பெப்ரவரி 6, வியாழன்

பதுளை முழுக்கப் பனிமூட்டம். எட்டு மணிக்கும் பஸ்கள் விளக்குப் போட்டுக்கொண்டு. துவைத்த சட்டை இரண்டாம் நாளும் காயவில்லை. ஈரத்தோடு போட்டுக்கொண்டு வகுப்புக்கு.

மசாஜ் கோர்ஸ் ஏழாவது வாரம். இன்னும் எண்ணெய்ப் போத்தலைக் கண்ணில் காட்டவில்லை. தசைப் பெயர், தசைப் பெயர், திரும்பவும் தசைப் பெயர். இன்று தோளும் கையும்.

டெல்டொயிட் — தோள்மூடி. கையைப் பக்கவாட்டில் தூக்கும்.
பைசெப்ஸ் — முழங்கையை மடக்கும்.
ட்ரைசெப்ஸ் — நீட்டும்.
தீனார் — உள்ளங்கையில், பெருவிரல் அடியில் இருக்கும் மேடு. கிள்ள, பிடிக்க. கொழுந்து கிள்ளுவதும் இதுதான். (மிஸ் சொல்லவில்லை, நான் சேர்த்தது.)

படத்தில் நிற்கும் ஆளின் வலதுதான் வலது, பார்க்கிற நம்முடையது இல்லை. எதிரே நிற்பவரின் வலது நம் இடதுக்கு நேரே வரும். இதில் மட்டும் நான்கு பிழை. என் ஜோடி நிலூஷாவுக்கு ஒரே சிரிப்பு. அவளுக்கு மூன்று பிழை, பெரிய கெட்டிக்காரி.

'மசில்' என்றால் பழைய பாஷையில் சின்ன எலியாம். தோலுக்கு அடியில் ஓடுவதால். மிஸ் சொன்னதும் எல்லோரும் எங்கள் கையைப் பார்த்துக்கொண்டோம்.

வகுப்புப் பொம்மையைத் துடைக்கும் முறை இன்று எனக்கு. பிளாஸ்டிக் மனிதர். பாதி உடம்புக்குத் தோல், பாதிக்கு இல்லை. தோல் இல்லாத பக்கத்துக் கண்ணுக்கு இமையும் இல்லை. எந்த மூலைக்குப் போனாலும் என்னையே பார்க்கிறார். வலது கையைத் துடைத்தபோது பெருவிரல் மேடு கழன்று என் கையில் வந்துவிட்டது. காந்தம் தேய்ந்துபோயிருக்கிறது. மிஸ்ஸிடம் கொடுக்கலாம் என்று ஸ்வெட்டர் பையில் போட்டேன். மறந்தே போனேன். இப்போது மேசைமேல் கிடக்கிறது. பலாக்கொட்டை அளவு, சிவப்பு. சாப்பிடும்போது ஒரு துணியைப் போட்டு மூடினேன்.

பெப்ரவரி 7, வெள்ளி

மழை இல்லை. சட்டை காய்ந்தது.

நான் குடியிருப்பது பஜாரில் ஒரு பாத்திரக்கடையின் பின் அறை. கடையம்மாவுக்குக் காலையிலிருந்து கண் துடிக்கிறதாம். பஞ்சாங்கக் காலண்டரைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

"பொம்பளைக்கு இடது துடிச்சா நல்லது. வலது ஆகாது. ஆம்பளைக்கு அப்படியே மாத்தி."

அது தூக்கம் போதாமல் வரும் துடிப்பு என்றேன். கண்ணைச் சுற்றியுள்ள தசையின் பெயரையும் சொன்னேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்பிடின்னா ஏன் பஞ்சாங்கத்துல போடுறாங்க?"

வகுப்புக்கு நேரமாகிறது என்று கிளம்பினேன்.

ஆறு மணிக்கு, ஊரில் கொழுந்து பறிக்கும் அக்காவுக்குப் போன். குரலில் இப்படி ஒரு சந்தோஷம் கேட்டு எவ்வளவு நாள்.

"பாப்பா, ஒரு மாசமா இடது தோள் துடிக்குதுடி. விடவே மாட்டேங்குது. அவரு வரப்போறாரு."

அவர் என்றால் மச்சான். கொழும்பில் ஏதோ ஹோட்டல் சமையலறைக்குப் போய் மூன்று வருஷம். கடைசியாகப் போன் வந்து ஒன்றரை வருஷம். நான் அவரைத் திட்டினால் அக்காவுக்குப் பிடிக்காது. அதனால் இங்கே திட்டிக்கொள்கிறேன்.

பெப்ரவரி 8, சனி

வீட்டுப் பாடம்: வீட்டில் ஒருவர் உடம்பில் பத்துத் தசையைத் தொட்டுக் கண்டுபிடித்து எழுதி வர வேண்டும். கண்ணால் பார்க்காதே, விரலால் பார் என்றார் மிஸ். கிடைக்காவிட்டால் என்று நிலூஷா கேட்டாள்.

"இல்லாத மசில் இல்லை. உங்க விரல்தான் பிழை."

மத்தியானம் ஊருக்கு பஸ். அப்புத்தளையில் கூட்டம் ஏறியது. இந்தக் கோர்ஸ் தொடங்கியதிலிருந்து ஒரு வியாதி எனக்கு: யாரைப் பார்த்தாலும் தோல் கழன்றுவிடுகிறது. கண்டக்டர் டிக்கட் கிழிக்க, அவர் முழங்கைக்குக் கீழே நார் நாராய் இழுபடுவது தெரிகிறது. முன் சீட்டுக் குழந்தை சிரித்தபோது கன்னத்துத் தசை இரண்டும் மேலே போயின. திரும்பி ஜன்னலைப் பார்த்தேன். பெரகலயில் ஜன்னலுக்கு வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. கண்ணாடியில் என் முகம். உடனே கண்ணை மூடிக்கொண்டேன்.

ஹல்துமுல்லையில் இறங்கி, தேயிலைத் தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, எங்கள் லயத்துக்கு, நடை. அக்கா லயத்து வாசலில் நின்றாள். தோலோடுதான்.

பெப்ரவரி 9, ஞாயிறு

காலையில் வெயில், பத்து மணிக்கே மூட்டம்.

வீட்டுப் பாடம். உடம்பு: அக்கா, வயது 37.

1. ட்ரபீசியஸ் (பிடரி) — கிடைத்தது. கல். கூடைக் கயிறு தலையிலிருந்து இழுக்கும் இடம்.
2. டெல்டொயிட் இ. (இடது) — கிடைத்தது. துடிக்கிறது.
3. பைசெப்ஸ் இ. — கிடைத்தது.
4. ட்ரைசெப்ஸ் இ. — கிடைத்தது.
5. கழுத்துப் பக்கம், ஸ்டெர்னோ என்று தொடங்குவது — கிடைத்தது. முழுப் பெயர் வாயில் நுழையவில்லை.
6. கெண்டைக்கால் — இரண்டும் கிடைத்தன. மலை ஏறி இறங்கிய கால்.
7. தீனார் இ. — கிடைத்தது.
8. தீனார் வ. (வலது) — காணவில்லை.
9. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுச்சதை வ. — காணவில்லை. குழி.
10. டெல்டொயிட் வ. — காட்டவில்லை.

இரண்டாவதைத் தொட்டபோது நான் கையை எடுத்துவிட்டேன். கடையம்மாவின் கண் துடிப்பு மாதிரி இல்லை இது. தோலுக்குக் கீழே சின்னச் சின்னதாய், ஒரு இடத்தில் அடங்கி இன்னொரு இடத்தில் எழும்பியது. அக்கா ரசித்துக்கொண்டிருந்தாள்.

"பாத்தியா? உள்ள சுண்டெலி ஓடுற மாதிரி இல்ல?"

மிஸ் சொன்ன எலிக் கதையை நான் அவளிடம் சொல்லவே இல்லை. நூறு தரம் யோசித்துவிட்டேன். சொல்லவில்லை.

வலது கையில் தீனார் இருக்க வேண்டிய இடத்தில் விரலை வைத்தால் நேரே எலும்பு. என் கையில் தடவிப் பார்த்தேன், இருக்கிறது. அவள் கையில் திரும்பவும். இல்லை.

"கங்காணி கூட கேட்டாரு. என்னா லெட்சுமி, கை எங்க போச்சு, கொழுந்து நிறுவைக்கு வரமாட்டேங்குதேன்னு." சிரிக்கிறாள்.

வலது தோளைக் காட்டச் சொன்னேன். ஸ்வெட்டர் கையைக் கழற்ற மாட்டேன் என்றாள். "குளுருதுடி." இடது கையைக் கழற்றியபோது குளிரவில்லையா?

புறப்படும்போது பையில் கையை விட்டால் ஏதோ தட்டுப்பட்டது. பொம்மையின் பெருவிரல் மேடு. வலது கையுடையது. இதை நான் மேசையில்தானே வைத்தேன். துணியோடு அள்ளிப் போட்டிருப்பேன். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பஸ்ஸில் வழி முழுக்க அது என் பையில் இருந்தது. தொட மனம் வரவில்லை.

பெப்ரவரி 10, திங்கள்

மிஸ் என் தாளைப் படித்தார். எட்டாவதில் நின்றார். விரல் பிழையாக இருக்கும் மிஸ், திரும்பப் பார்க்கிறேன் என்றேன். அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

"இது யாருடைய உடம்பு?"

"என் அக்கா."

"துடிப்பு எத்தனை நாள்? ஒரு பக்கம்தானா?"

ஒரு பக்கம்தான் என்றேன். பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போ, தள்ளிப்போடாதே என்றார். பிறகு பக்கத்து ஆளின் தாளில் மூன்று தரம் சரி போட்டார், ஒரே கேள்விக்கு.

பொம்மைத் துண்டைக் கொடுத்தேன். ஒட்ட வைத்துப் பார்த்தார். விழுந்தது. இரண்டாம் தரமும் விழுந்தது.

பெப்ரவரி 16, ஞாயிறு

திரும்பவும் ஊர். நாளை அக்காவைக் கூட்டிக்கொண்டு பதுளைக்கு. வர மாட்டேன் என்று போனில் இரண்டு நாள் சண்டை. அவர் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாதாம். நான் அழுதபிறகுதான் சரி என்றாள். வேண்டுமென்றே அழவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அக்கா படுத்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து காலின் தசைகளைப் பாடமாக்கிக்கொண்டிருந்தேன். மூட்டம் வாசலுக்கே வந்துவிட்டது. அடுத்த லயத்து ரேடியோ நின்றுபோனது.

அக்கா நன்றாகத் தூங்கிவிட்டாள். வாய் திறந்து, லேசான குறட்டை. ஸ்வெட்டர் தோளிலிருந்து வழுக்கி இறங்கியிருந்தது. இடது தோள் துடித்துக்கொண்டிருந்தது. வலது தோளும். இடதைவிட வேகமாக. முழங்கை வரைக்கும் இறங்கி, திரும்ப ஏறி. முகத்தில் அசைவே இல்லை. அக்கா தூங்குகிறாள், கைகள் தூங்கவில்லை. யாரோ அவளைப் போர்த்திக்கொண்டு உள்ளே படுத்திருக்கிற மாதிரி இருந்தது. எனக்குப் பயமாக இருந்தது. என் அக்காவைப் பார்த்து எனக்குப் பயம்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். ஸ்வெட்டரை இழுத்து வலது தோளை மூடினாள்.

"அது எப்ப இருந்து அக்கா?"

"இடதுக்கு முன்னாடியே."

"ஏன் சொல்லல?"

"வலது ஆகாதுடி. வாய் விட்டு சொன்னா பலிச்சிரும். நீயும் சொல்லாத."

அந்தப் பக்கத்தை இவ்வளவு நாள் மூடியே வைத்திருக்கிறாள். குளிக்கும்போதும் அதைப் பார்ப்பதில்லையாம்.

பெப்ரவரி 17, திங்கள்

ஆஸ்பத்திரி. முதல் பஸ்ஸில் வந்தும் நீள வரிசை. அக்கா பச்சைச் சேலை, நல்ல சேலை.

டொக்டர் சின்ன வயது. முழங்காலில் சுத்தியலால் தட்டினார், கால் எகிறியது. கையைப் பிடித்து அழுத்தச் சொன்னார். கடைசியில் வாயைத் திறக்கச் சொன்னார், நாக்கை நீட்டாமல் உள்ளேயே வைத்திருக்கச் சொல்லி. டார்ச் அடித்துப் பார்த்தார். இன்னொரு டொக்டரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்திருக்கக் கூடாது. நாக்கும் துடிக்கிறது. ஒரு பை நிறையப் புழு வைத்த மாதிரி.

நாக்கும் தசைதான். அந்தப் பாடம் எங்களுக்கு இன்னும் வரவில்லை.

அக்காவை வெளியே உட்கார வைத்துவிட்டு என்னிடம் சிங்களத்தில் சொன்னார்கள். தசையை அசைக்கும் நரம்பு செத்துக்கொண்டு வருகிறது. ஒவ்வொரு தசையாகப் போகும். கை, கால், பிறகு விழுங்குவது, பிறகு மூச்சு. கண்டியில் ஒரு டெஸ்ட் செய்துதான் உறுதி சொல்லலாம். குணமாக்க மருந்து இல்லை. எவ்வளவு காலம் என்று கேட்டேன். டெஸ்ட்டுக்குப் பிறகு பேசுவோம் என்றார்.

வெளியே அக்கா, "என்னாவாம்?"

"நரம்புத் தளர்ச்சி. மாத்திரை தந்திருக்காங்க."

தந்தது விட்டமின். தலையாட்டினாள். இரண்டு கையாலும் போத்தலைப் பிடித்துத் தண்ணீர் குடித்தாள். நான் அவள் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கியது. இன்றைக்குச் சரியாக இறங்கியது.

பெப்ரவரி 20, வியாழன்

வகுப்பில் கால் தசைப் பரீட்சை. இருபதுக்குப் பத்தொன்பது. நிலூஷா கேக் வாங்கித் தந்தாள். ஒரு வாய் வைத்ததும் அழுதுவிட்டேன். மார்க் கூடியதற்கு அழுகிறாள் என்று நினைத்துக்கொண்டார்கள்.

இனி எதற்கு இந்தப் பெயர்களெல்லாம்? ஒவ்வொன்றும் போகும்போது பெயர் சொல்லி வழியனுப்பவா?

பொம்மையின் கையில் அந்த இடம் இன்னும் காலி.

பெப்ரவரி 23, ஞாயிறு

ஊரில். விடிந்ததிலிருந்து மூட்டம் விலகவே இல்லை. பதினொரு மணிக்கு லயத்து நாய்கள் குரைத்தன, சட்டென்று நின்றன. வாசலில் ஒரு ஆள், தோளில் பை. முகம் தெரிய நேரமாயிற்று.

மச்சான்.

இளைத்து, பாதி மனிதர்தான் திரும்பியிருக்கிறார். தலை முழுக்க நரை. திட்டுவதற்கு மூன்று வருஷமாகச் சேர்த்து வைத்திருந்தேன், அவர் பையைத்தான் வாங்கி வைத்தேன். அக்கா ஆச்சரியப்படவே இல்லை. "வாங்க. தேத்தண்ணி ஊத்துறேன்" என்றாள், காலையில் பெரட்டுக்கு, வேலைக்குப் பேர் கொடுக்கப் போன ஆள் திரும்பி வந்த மாதிரி. கேத்தலை இரண்டு கையாலும் தூக்கினாள். பாதி வெளியே சிந்தியது. அவர் பார்த்தார்.

நான்தான் கேட்டேன், இப்போது மட்டும் எப்படி வழி தெரிந்தது என்று.

"ஒரு மாசமா யாரோ தோள்ல தட்டுறாங்க பாப்பா. சமையல்கட்டுல நிக்கிறப்ப, பஸ்ல போறப்ப. திரும்பிப் பாத்தா ஆளு இல்ல. தூங்க விடல. அதான் கெளம்பி வந்துட்டேன்."

எந்தத் தோள் என்றேன்.

வலது தோளைத் தொட்டுக் காட்டினார். அக்கா அவருக்கு எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவருடைய வலதுக்கு நேரே அவளுடைய இடது.

கோப்பைகளை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு வந்தேன். அக்கா பின்னாலேயே வந்தாள். ஈரக் கையால் என் கையைப் பிடித்தாள், வலது கையால். பிடிப்பே இல்லை. தோலுக்குக் கீழே ஓடிக்கொண்டிருந்தது.

"இடது பக்கம் சொன்னது நடந்துருச்சு, பாத்தியா?"

"ஆமாக்கா."

"அப்ப வலது பக்கம் சொல்றதும் நடக்கும்ல?"

டொக்டர் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. என் முகத்தில் எந்தத் தசை அசைந்ததோ, அவள் அதைப் பார்த்துவிட்டாள்.

உள்ளே மச்சான் இன்னொரு தேத்தண்ணி கேட்டார். அக்கா என் கையை விட்டுவிட்டுப் போனாள்.