பூசை நேரத்துக் கனவு

9 ஜனவரி 2002, புதன்

இன்றும் கலைந்துவிட்டது.

கோயிலில் முதல் மணி அடித்ததும் என் மனைவி அல்போன்சா பூசைக்குக் கிளம்பினாள். முழங்கால் வலி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். மறுபடி கண்ணயர்ந்ததும் கனவு வந்தது. அது கனவுதான் என்பது கனவுக்குள்ளேயே எனக்குத் தெரிந்தது. நான் வேலை பார்த்த பள்ளியின் இயற்பியல் ஆய்வகம். சன்னல், மேசை, அலமாரி, எல்லாம் ஓரம் வரை முழுசாகத் தெரிந்தன. வாசலில் அல்போன்சா நின்றாள். முகத்தைப் பார்த்தேன். அவ்வளவுதான், பால் கொட்டியது போல எல்லாம் வெளுத்து, விழித்துவிட்டேன். ஒரு 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம்கூட நிற்கவில்லை.

கனவின் நீளத்தை நான் அப்படித்தான் அளக்கிறேன். கனவில் கடிகாரத்தை நம்ப முடியாது. செபம் மனப்பாடமாக இருக்கிறது.

நூலகத்தில் படித்த ஆங்கிலக் கட்டுரை சொல்வது: பாதித் தூக்கத்தில் எழுந்து மறுபடி தூங்கினால்தான் இத்தகைய கனவு எளிதில் வரும். எங்கள் வீட்டில் அது பூசை நேரம். ஆண்டவர் மன்னிப்பார் என்று எழுத வந்தேன். மன்னிப்பாரா?

10 ஜனவரி

ஏன் இதைச் செய்கிறேன் என்று ஒருமுறை தெளிவாக எழுதிவிடுகிறேன். எழுதினால்தான் இது பைத்தியக்காரத்தனமா என்று எனக்கே தெரியும்.

கண் அழுத்த நோய். இடது கண் போய்விட்டது. வலது கண்ணில் நடுவே ஒரு துளை மட்டும் மிச்சம். குழாய் வழியாகப் பார்ப்பது போல. டிசம்பரில், பென்ஷன் வேலை என்று பொய் சொல்லி மதுரைக்குத் தனியாகப் போய்க் காட்டினேன். டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். சொட்டு மருந்து இனிப் போதாது. ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றலாம். "ஆனா சார், இவ்வளவு முத்தின கண்ணுல சில பேருக்கு அந்த மிச்சமும் ஒரேயடியா போயிடுறது உண்டு. வீட்ல பேசிட்டு வாங்க. ஈஸ்டரைத் தாண்ட வேண்டாம்."

வீட்டில் பேசவில்லை.

கனவில் எனக்கு முழுப் பார்வை இருக்கிறது. ஆபரேஷனில் மிச்சமும் போனால் எனக்கென்று இருக்கப்போவது அது ஒன்றுதான். அதனால் முதலில் கனவில் கலையாமல் நிற்கப் பழக வேண்டும். அல்போன்சாவின் முகத்தை நிதானமாகப் பார்க்க முடிகிறது என்று உறுதியானபின் மதுரைக்குப் போவேன். இது முறையான ஏற்பாடா, பயந்தாங்கொள்ளியின் சாக்கா? இரண்டும்தான் போலிருக்கிறது.

17 ஜனவரி

கட்டுரையில் இரண்டு விஷயங்கள். ஒன்று, கனவு தளரும்போது உள்ளங்கைகளைத் தேய்க்க வேண்டும். கை சூடு கனவைப் பிடித்து வைக்கும். மற்றொன்று, விழித்திருக்கும்போதே பலமுறை 'இது கனவா?' என்று சோதிக்க வேண்டும். அந்தப் பழக்கம் கனவுக்குள்ளும் வரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு மூச்சிழுத்துப் பார்ப்பது ஒரு சோதனை. மூச்சு வந்தால் கனவு.

இந்த ஊரில் அதற்குக் கஷ்டமில்லை. தோல் பதனிடும் 'தோல் ஷாப்' இருக்கும் சாலையில் நடந்தால் எல்லாரும் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் போகிறார்கள். அவர்களோடு நானும்.

20 ஜனவரி, ஞாயிறு

அவமானம். பூசை முடிந்து சூசைராஜ் என்னைப் பிரியாணி கடைக்கு இழுத்துப் போனான். தபால் ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவன், எனக்கு இருக்கும் ஒரே நண்பன். இலையில் சோறு விழுந்ததும் பழக்க தோஷத்தில் மூக்கைப் பிடித்து மூச்சிழுத்தேன். கல்லாவில் இருந்த பெரியவர் பார்த்துவிட்டார்.

"என்ன சார், நம்ம தம்முல கெட்ட வாடை வருதா? தோல் ஷாப் பக்கம் போனா மூக்கைப் பொத்துங்க. இங்க வந்து பொத்துனா மத்தவுக எந்திரிச்சுப் போயிருவாக."

கடையே திரும்பிப் பார்த்தது. சூசைராஜ்தான், "அவனுக்குச் சளி பாய், விடுங்க," என்றான். வெளியே வந்து, "ஏலே பாஸ்கல், தும்முறதுக்குக்கூட பயப்படுவியாலே நீ?" என்று சிரித்தான்.

மூக்குச் சோதனை இனிக் கிடையாது. எழுத்துச் சோதனைக்கு மாறுகிறேன். ஏதாவது ஓர் எழுத்தைப் படித்து, பார்வையை எடுத்து, மறுபடி படிக்க வேண்டும். கனவில் எழுத்து நிலைக்காது, மாறிவிடுமாம். இதை யாரும் கவனிக்க மாட்டார்கள்.

29 ஜனவரி

இரண்டு அருள் நிறைந்த மரியே! கைகளைத் தேய்த்தேன், சூடு தெரிந்தது, ஆய்வகத்து மேசையைத் தொட்டேன், சொரசொரப்பு தெரிந்தது. கனவு நின்றது. அலமாரியை, சுவரை, கூரையைப் பார்க்கலாம். அவள் முகத்தில் கண்ணை நிறுத்தினால் மட்டும் கலைகிறது.

முறைத்துப் பார்க்கிறேனோ? மேலோட்டமாகப் பார்க்க வேண்டுமோ? அடுத்தமுறை.

3 பிப்ரவரி, ஞாயிறு

அல்போன்சா மாதா கோயிலில் வெள்ளிக் கால் ஒன்றைக் காணிக்கையாகக் கட்டிவிட்டு வந்திருக்கிறாள். என் முழங்காலுக்கு.

"நல்லா கனமான காலாப் பாத்துத்தான் எடுத்தேன். இன்னும் ஒரு வாரத்துல பாருங்க, நீங்களே பூசைக்கு எனக்கு முன்னால ஓடுவீங்க."

சாப்பிட உட்கார்ந்தோம். இன்று சொல்லிவிடலாம் என்று இரண்டு முறை வாயெடுத்தேன். உப்பு வேண்டும் என்று கேட்டேன். உப்பு சரியாகத்தான் இருந்தது.

8 பிப்ரவரி

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

காலையில் சூசைராஜோடு பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். அவன் டீ வாங்கப் போனான். எதிரே நின்ற பஸ்ஸின் பலகையைப் படித்தேன்: ஒட்டன்சத்திரம். பார்வையை எடுத்தேன். மறுபடி படித்தேன்: சத்திரம். மூன்றாம் முறை அங்கே பலகையே இல்லை.

கனவு!

சந்தோஷத்தை எப்படி எழுதுவது? இவ்வளவு உறுதியான கனவு எனக்கு வந்ததே இல்லை. டீசல் வாசனைகூட இருந்தது. கைகளைத் தேய்த்தேன், நல்ல சூடு. செபத்தைத் தொடங்கினேன். கனவில் பஸ் மோதினால் என்ன ஆகிவிடும்? வாழ்நாளில் பச்சை விளக்குக்கும் தயங்கி நின்றவன், வண்டிகள் திரும்புகிற இடத்தின் நடுவே நிமிர்ந்து நடந்தேன்.

பிரேக் சத்தம். வயிற்றில் சூடான இரும்பு இடித்தது. விழுந்தேன். உள்ளங்கை சிராய்ந்து ரத்தம் வந்தது. வலித்தது. விழிப்பு மட்டும் வரவில்லை. அப்போதுதான் புரிந்தது.

கண்டக்டர் குதித்து ஓடி வந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குனிந்து தூக்கிவிட்டு, "ஏனுங்க பெரியவரே, கண்ணு தெரியறதில்லீங்களா?" என்றார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து மரியாதை. உண்மையாகவே கேட்டார்.

"தெரியலை," என்றேன்.

அந்தக் கேள்விக்கு நான் சொன்ன முதல் உண்மை அது. டீ தம்ளரோடு நின்ற சூசைராஜும் கேட்டுக்கொண்டிருந்தான்.

பலகை மாறவில்லை. என் துளைக்குள் அது முழுசாக அடங்கவில்லை. வருடக்கணக்காக ஒளியியல் நடத்தியவன். கண் கெட்டவன் கண்ணால் செய்யும் சோதனையை நம்பக் கூடாது என்று இந்த மண்டைக்கு ஏன் எட்டவில்லை? பயத்தினாலா? வேறு எதனால்?

9 பிப்ரவரி

நேற்று சூசைராஜ் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். மீதியை நான் சொன்னேன். மதுரை, ஆபரேஷன், கனவு.

அல்போன்சா அழவில்லை. வெகுநேரம் என் கைச் சிராய்ப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். பிறகு ஆரம்பித்தாள்.

"அப்ப முழங்காலு?"

"வலி இல்லை."

"கோட்டிக்காரி மாதிரி வெள்ளிக் காலைக் கட்டிட்டு வந்திருக்கேனே! மாதா என்ன நெனச்சிருப்பாக? இவளுக்குக் காலுக்கும் கண்ணுக்கும் வித்தியாசம் தெரியலைன்னுதானே?"

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்திருக்கக் கூடாது.

"சிரிக்காதீங்க. கனவுல பாத்துக்கிருவீங்களோ என்னைய? இங்க குத்துக்கல்லாட்டம் ஒருத்தி நிக்கிறேன். நிமிந்து பாக்கலை, ஒரு வார்த்தை சொல்லலை. அம்புட்டுப் பயமா எங்கிட்ட?"

உன்னிடம் பயமில்லை, சொன்னால் அது உண்மையாகிவிடும், அதுதான் பயம் என்று சொல்ல நினைத்தேன். சொன்னேனா? பாதிதான் வந்தது. அவளுக்குப் போதுமாக இருந்தது போலும்.

இரவு ஆபரேஷன் தேதி கேட்டு மதுரைக்கு அவளே போன் செய்துவிட்டாள். இருபதாம் தேதி. என்னைக் கேட்கவில்லை.

12 பிப்ரவரி

காலையில் கிளம்பும்போது கதவருகே நின்று, "தூங்குங்க. இனிமே பொய் சொல்லாமத் தூங்குங்க. நான் போயிட்டு வாரேன்," என்றாள்.

பொய் இல்லாத தூக்கம். அதுதான் காரணமா என்று நிரூபிக்க முடியாது. ஒரே ஒரு சோதனை எதையும் நிரூபிக்காது. ஆனால் செபமாலையில் பத்து 'அருள் நிறைந்த மரியே' சொல்லும் நேரம் முழுவதும் கனவு நின்றது.

அதே ஆய்வகம். அவள் வந்தாள். நேராக முறைக்காமல், பேசிக்கொண்டே பார்த்தேன். முகம் கலையவில்லை. நெற்றி, மூக்கு, கன்னம், எல்லாம் தெளிவு. எத்தனை வாரம் இதற்காக... ஆனால் அது யார்? சுருக்கம் இல்லை. நரை இல்லை. கல்யாணத்தன்று முக்காட்டுக்குள் பார்த்த பெண். "அல்போன்சா?" என்றேன். அந்தப் பெண் மரியாதையாகச் சிரித்தாள். என்னை அவளுக்குத் தெரியாது.

பயந்து நானே எழுந்துவிட்டேன்.

நான் சேர்த்து வைத்ததைத்தான் கனவு எனக்குக் காட்ட முடியும். அதற்குப் பிறகு நான் எதையும் சேர்த்து வைக்கவில்லையா? நாற்பது வருடம் ஒரே வீட்டில்? எந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்?

13 பிப்ரவரி, சாம்பல் புதன்

பூசை முடிந்து நெற்றியில் சாம்பல் சிலுவையோடு வந்தாள். பின்வாசலில் வெயில் விழும் இடத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொன்னேன்.

"எதுக்கு?"

"பார்க்க."

உட்கார்ந்தாள். முகம் முழுவதும் என் துளைக்குள் ஒரே சமயத்தில் அடங்காது. அதனால் பகுதி பகுதியாக, நெற்றியில் தொடங்கினேன். சாம்பல் புருவம் வரை உதிர்ந்திருந்தது. இடது புருவத்தில் நரை அதிகம். மூக்குத்தித் துளை தூர்ந்திருக்கிறது, எப்போது கழற்றினாள்? காதோரம் ஒரு சுடுகாயத் தழும்பு. கேட்டேன். எண்ணெய் தெறித்ததாம், ஸ்டீபன்ராஜ் பிறந்த வருடம். மகனுக்கு இப்போது தலை வழுக்கை.

"என்னங்க இது, பொண்ணு பாக்க வந்த மாதிரி? கழுத்து வலிக்குது."

"செத்த நேரம்."

"அன்னிக்கு வந்தப்பயும் தரையத்தான் பாத்தீங்க. பலகாரத் தட்டு காலியானதுகூடத் தெரியலை."

மோவாய்க்கு வந்தபோது அது நடுங்கிக்கொண்டிருந்தது. துளையை மேலே நகர்த்திக் கண்ணைப் பார்த்தேன். நிறைந்திருந்தது. நான் பார்வையை எடுக்கவில்லை.

19 பிப்ரவரி

நாளை. பயமாக இருக்கிறது. போகிறேன்.

7 ஜூலை 2002, ஞாயிறு

நான் சொல்லச் சொல்ல அல்போன்சா எழுதுகிறாள். ஆபரேஷனுக்குப் பிறகு எழுதும் முதல் குறிப்பு. டாக்டரம்மா எச்சரித்தபடியே மிச்சம் போய்விட்டது. வெயிலுக்கும் நிழலுக்கும் வித்தியாசம் தெரிகிறது. டாக்டரம்மா மேல் குற்றமில்லை. முன்பே போயிருந்தால் என்று சில நாள் தோன்றும். இன்று தோன்றவில்லை.

காலையில் அவள் பூசைக்குப் போனபின் கனவு. எங்கள் வீட்டு அடுப்படி. கை தேய்க்கத் தேவைப்படவில்லை. அவள் மணைப்பலகையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கினாள். நரைத்த புருவம், காதோரத் தழும்பு. எதிரில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். செபம் சொல்லி அளக்க மறந்துவிட்டது. நீளம் தெரியவில்லை.

இதைச் சொன்னதும் எழுதுவதை நிறுத்திவிட்டாள். "கனவுலயும் எனக்கு அடுப்படிதானா? நாற்பது வருசமா எதிர்க்க மலை தெரியுது, ஒரு நாள் கொடைக்கானல் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா?"

நாளைக் காலைக் கனவில் கொடைக்கானல் என்றேன்.

இனி எழுதுறது நானு. அங்க குளிரும், ஸ்வெட்டர் போட்டுக்கிட்டுத் தூங்குங்கன்னு சொன்னேன். எனக்கும் ஒண்ணு எடுத்துக்கச் சொல்லிருக்கேன். சிரிக்கிறாரு.