போர்டு வைத்துச் சோறு போட்டோம், நைனா

என் செல்ல நைனாவுக்கு,

அலமேலு எழுதுகிறேன். உனக்குத் தெரிந்த அலமேலுவுக்குப் பாவாடை நாடாகூடக் கட்டத் தெரியாது. இப்போது நான் சங்கத் தலைவி. சிரிக்காதே. எச்.ஐ.வி.யோடு வாழும் பிள்ளைகள் நம் தாலுகாவில் சேர்ந்து ஆரம்பித்த சங்கம். கல்லூரிகளுக்குப் போய் மைக் பிடித்துப் பேசுகிறோம். உனக்குக் கிடைக்காத மாத்திரை எனக்கும் அம்மாவுக்கும் இப்போது இலவசமாகக் கிடைக்கிறது. அம்மா குண்டாகிவிட்டாள், தெரியுமா? சொன்னால் முறைக்கிறாள்.

இந்த ஆடிக் கிருத்திகைக்கு நடந்ததை உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்ல?

காவடி எடுத்து வருகிறவர்களுக்குத் திருத்தணி மலையடிவாரத்தில் நாமும் அன்னதானம் போடலாம் என்றேன். எல்லோருக்கும் சந்தோஷம். போர்டு வைத்துத்தான் போட வேண்டும் என்றதும் பாதிப் பேர் முகம் வாடிவிட்டது. 'எச்.ஐ.வி.யோடு வாழும் நாங்கள் சமைத்தது. வாங்க, சாப்பிடுங்க.' இதுதான் நான் எழுதச் சொன்னது.

எங்கள் செயலாளர் முரளி, திருவாலங்காட்டுப் பையன், எழுந்துவிட்டான். "யக்கா, போர்டப் பாத்துட்டு ஒருத்தனும் வரலன்னா? அண்டா சோத்த வச்சிகினு இன்னா பண்றது? சின்னதுங்கல்லாம் மொத தடவையா வெளிய வருதுங்க. ஒடஞ்சி போயிடுங்க."

அவன் பயம் நியாயம்தான். ஆனால் மறைத்துப் போட்டால், நாளைக்குத் தெரியவரும்போது சாப்பிட்டவர்கள் என்ன சொல்வார்கள்? நீ சமையல்காரனாக இருந்த சத்திரத்துச் சமையல்கட்டிலிருந்து உன்னை வெளியே அனுப்பியபோது சொன்னதைத்தானே? "இத்தினி நாளா ஏமாத்திட்டான்." நீ யாரை ஏமாற்றினாய், நைனா? நோய் இருப்பது உனக்கே அப்போதுதானே தெரிந்தது?

போர்டு வைத்தோம்.

சாம்பார் சாதம் நான்தான் கிண்டினேன். உன்னை மாதிரியே இடுப்பில் துண்டைச் செருகிக்கொண்டேன். சாமிக்குப் படைக்கும் முன்னால் நாக்கில் வைக்கக் கூடாது என்று ஆவியை மோந்து பார்த்தே உப்பு சொல்வாயே, நானும் அப்படியே மோந்தேன். பிரமாதமாக மணந்தது. படைத்துக் கற்பூரம் காட்டிவிட்டு அண்டாவை வெளியே தூக்கி வந்தோம்.

யாரும் வரவில்லை. போர்டைப் படித்தார்கள், பக்கத்துப் பந்தலுக்குப் போனார்கள். எங்கள் சின்னவள் ஒருத்தி கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். வேண்டாம் என்று சொன்ன முரளிதான் மைக்கைப் பிடுங்கினான்.

"தொட்டா வராதுங்க, கூட ஒக்காந்து சாப்ட்டாலும் வராது. வெயில்ல நின்னுகினு இருந்தா தலவலிதான் வரும். உள்ள வாங்கண்ணா, வாங்கம்மா!"

மஞ்சள் வேட்டிக் காவடிக்காரர் ஒருவர் சிரித்துவிட்டார். "ஆங், போடு" என்று தொன்னையை நீட்டினார். அவர் பின்னாலேயே அவருடைய கனகம்மாசத்திரம் ஊர்க் கோஷ்டி முழுக்க வந்து நின்றது. நைனா, வரிசை ரோட்டைத் தொட்டுவிட்டது!

அப்புறம்தான் கூத்து. முதலில் வாங்கினவர் திரும்பி வந்தார். "இன்னாம்மா, உப்பே போடலியா?" அடுத்தவரும் அதையே கேட்டார். சுத்தமாக மறந்திருக்கிறேன்! நோயைப் பற்றி ஒருத்தர்கூட வாய் திறக்கவில்லை. எல்லோரும் உப்புக்காகத்தான் திட்டினார்கள். எங்கள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவர்கள் திருத்தணியில் வேறு யாரும் இருக்க முடியாது. ஆளுக்கொரு கிண்ணத்தில் தூள் உப்பை எடுத்துக்கொண்டு ஓடி ஓடித் தூவினோம்.

அந்த வரிசையில் ருக்கம்மா அத்தையும் நின்றார். ஆமாம், சத்திரத்தைப் பார்த்துக்கொண்டவர், உன்னை வர வேண்டாம் என்று சொன்னவர், அன்றிலிருந்து எங்களோடு ஒரு வார்த்தை பேசாதவர். கையில் பாதி காலியான தொன்னை.

"இன்னாடி சமையலு இது? உங்க நைனா கைப்பக்குவம் துளியாவது வர வாணாவா?" என்று உள்ளங்கையை நீட்டினார்.

உப்பைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பார்களே. கிண்ணத்தை மேசையில் வைத்து அவர் பக்கம் நகர்த்தினேன்.

"கையிலயே வை."

"சண்ட வரும்னுவாங்களே அத்த..."

"வரட்டும். சண்டன்னா பேசியாவணும் இல்ல? பேசாம இருந்தது போதும்டி."

வைத்தேன், நைனா. என் விரல்களையும் சேர்த்து அவர் கையை மூடிக்கொண்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது, அவருக்கும்தான்.

அடுத்த ஆடிக்கும் போர்டு வைப்போம், இன்னும் பெரிய எழுத்தில். அடுப்படிக்கு அத்தையும் வருகிறாராம்; என்னை நம்பி உப்பை விட முடியாதாம். இனி இந்த ஊரில் உன்னைப் போல ஒருவரையும் அடுப்படியிலிருந்து எழுப்பி அனுப்ப விடமாட்டேன். இது உன் மேல் சத்தியம்.

இப்படிக்கு,
உப்புப் போட மறந்த உன் மகள்
அலமேலு