சமையலறைச் சுவரோரக் கரன்ட் புதர்

பீபிள்ஸ், ஸ்காட்லாந்து
ஏப்ரல் 19

மதிப்பிற்குரிய நண்பர் வால்டர் ரென்னி அவர்களுக்கு,

பழைய பக்கத்து வீட்டுக்காரன் ஹெக்டர் லெய்ட்லா எழுதுவது. ஒரு வருட மௌனத்துக்குப் பின் எழுதுவதால் விஷயங்களை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன். இல்லாவிட்டால் பாதியில் நிறுத்திவிடுவேன்.

1. புதரின் நிலை.
2. நாற்றத்தின் காரணம்.
3. நாம் இருவரும் செய்த தவறு.

உங்கள் கரன்ட் பூச்செடியிலிருந்து நீங்கள் வெட்டிக் கொடுத்து, நான் சமையலறைச் சுவரோரம் நட்ட பென்சில் நீளக் குச்சி இப்போது என் தலைக்கு மேல் நிற்கிறது. ஜனவரியில் மூன்று வாரம் பனி உறைந்து கிடந்தது. தண்ணீர்க் குழாய் வெடித்தது, என் முழங்கால் மடங்க மறுத்தது. புதருக்கு ஒன்றும் ஆகவில்லை. இந்த வாரம் சிவப்புக் குலைகளாகப் பூத்துத் தொங்குகிறது. பூத்து முடிந்ததும் முதிர்ந்த தண்டுகளை அடியோடு வெட்ட வேண்டும். என்னால் குனிய முடியவில்லை. நீங்கள் போன பின் உங்கள் வீட்டுக்குக் குடிவந்திருப்பவர்கள் தலையசைப்பதோடு சரி. சுவருக்கு மேலே பேச ஆளில்லை.

உங்கள் பூனை மேஜர் என் சுவரை அசுத்தம் செய்கிறது என்று சென்ற ஏப்ரலில் பதினான்கு நாள், நாற்றம் வந்த நேரத்தோடு குறித்து, அந்தத் தாளை உங்கள் கதவின் தபால் துவாரத்தில் போட்டேன். நேரில் சொல்லத் துணிவில்லை. மறுவாரமே மேஜரை ஒரு பண்ணைக்குக் கொடுத்துவிட்டீர்கள். ஆகஸ்டில் மகளோடு நியூசிலாந்து போனபோது விடைபெறவும் வரவில்லை.

இந்த ஏப்ரலிலும் அதே நாற்றம். வேறு ஏதோ பூனை என்று, அதை விரட்டப் புதரடியில் மிளகுத்தூள் தூவிக்கொண்டிருந்தேன். தபால் கொண்டுவரும் மோராக் அந்தப் புதரின் இலை ஒன்றைக் கசக்கி என் மூக்கருகே நீட்டினாள். அச்சு அசல் பூனை மூத்திர நாற்றம். "இந்தாங்க சார், உங்க பூனை! இவ்வளவு படிச்சுட்டு, செடிக்குப் போய் மிளகு போடுறீங்களே, வறுத்துச் சாப்பிடவா?" என்று வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மழை நாளில் நாற்றம் அதிகம் என்று என் குறிப்பிலேயே இருக்கிறது. எழுதினேன், நனைந்த இலைதான் நாறுகிறது என்று யோசிக்கவில்லை.

பேருந்து பிடித்து அந்தப் பண்ணைக்குப் போய் மேஜரைப் பார்த்தேன். கொழுத்திருக்கிறது. என்னைக் கண்டதும் வைக்கோலுக்குள் புகுந்துகொண்டது.

இனி மூன்றாவது. தாள் போட்ட அன்று மாலை நீங்கள் வந்து என் கதவைத் தட்டி, "வாத்தியாரே, உள்ளதான் இருக்கீங்கன்னு தெரியும். வெளிய வாங்க, ஒண்ணு மோந்து பாக்கணும்" என்றீர்கள். சண்டைக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைத்து, திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சடக்கி நின்றேன். உங்கள் கையில் இருந்தது அந்த இலைதான் என்று இப்போது புரிகிறது. நீங்கள் மறுபடி வரவில்லை. அதைத்தான் இத்தனை நாளும் உங்கள் பங்குத் தவறு என்று வைத்திருந்தேன்.

களைப்பாக இருக்கிறது, வால்டர். நீங்களும் மகளும் நலமாக இருக்க வேண்டும். ஒரு வரி எழுதுங்கள், திட்டியாவது எழுதுங்கள்.

தங்கள்,
ஹெக்டர் லெய்ட்லா

பி.கு.: திரும்பப் படித்துப் பார்த்தேன். மூன்றாவது தலைப்பு தவறு. 'நாம் இருவரும்' இல்லை. நீங்கள் கதவைத் தட்டினீர்கள்.