வாறேன்

ஜூலை 15, செவ்வாய்

என் பேய்க்கதையின் கடைசி அத்தியாயத்தை இன்று மதினியிடம் படிக்கக் கொடுத்தேன். அண்ணன் இறந்து ஏழு மாதம்தான் ஆகிறது. கொடுத்திருக்கக் கூடாது.

இங்கே யாரும் வீட்டை விட்டு இறங்கும்போது 'போறேன்' என்று சொல்வதில்லை, 'வாறேன்' என்றுதான் சொல்வோம். கதையில் அப்படிச் சொல்லிவிட்டுப் போய்ச் செத்தவன், சொன்னபடியே திரும்பி வந்து வாசலில் நிற்கிறான். மனைவி கதவைத் தாழிட்டுக்கொண்டு உள்ளே நடுங்குகிறாள். இதைவிடப் பயங்கரமான முடிவு எனக்கு அமைந்ததில்லை என்று நினைத்திருந்தேன்.

மதினி மரச்சீனிக் கிழங்கு நறுக்குவதை நிறுத்திவிட்டுப் படித்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"நல்லா உண்டு மக்கா. ஆனா இவ எதுக்கு கதவைத் தெறக்கல்ல?"

"வந்திருக்கது பேயாக்கும் மதினி."

"அதுக்கென்ன? வாறேன்னு சொல்லீட்டுல்லா போனான்."

காகிதங்களைத் திருப்பித் தந்துவிட்டுக் கத்தியை எடுத்தாள்.

அவள் கதவைத் திறந்துவிட்டால் கதையில் பயமே இல்லை. சாயங்காலத்திலிருந்து யோசிக்கிறேன், வேறு முடிவு வரவில்லை.

அண்ணன் கடைசியாக உதியன்குளங்கரைக்குப் பைக்கில் கிளம்பிய அன்று என்னிடமும் 'வாறேன்' என்றான். நான் இந்தக் கதையைத்தான் எழுதிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.