யாருக்கோ வெடித்த சரம்

என் வீட்டு மேலிடத்துக்கு,

தேர்தலில் நான் தோற்றதும், ஊரில் தலைகாட்ட முடியாது என்று தாய்வீடு போய்விட்டாய். நானோ கட்சியின் மாவட்டத் தலைவராகி, தினமும் தலையைக் காட்டிக்கொண்டிருக்கிறேன்.

நேற்று திருத்தங்கலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் சரவெடி முழங்கியது. மந்திரியாயிருந்த பழக்கத்தில் கைகூப்பி, மாலைக்குக் கழுத்தையும் நீட்டிவிட்டேன். பார்த்தால், பட்டாசுக் கம்பெனியில் புதுச் சரக்கை வெடித்துச் சோதித்திருக்கிறார்கள்!

அங்கே வேலை செய்யும் மூக்கம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். “நீங்க மந்திரியா இருக்கையில போட்ட குழாயிலதான் அண்ணாச்சி, எங்க தெரு இன்னும் தண்ணி பிடிக்கு. ஏலே, அண்ணாச்சிக்குன்னே இன்னொரு சரம் கொளுத்து!” என்றாள்.

அந்தச் சரத்துக்கு நான் கும்பிடவே மறந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை வந்துவிடு. விருதுநகர் பஸ் நிலையத்தில் வெடி கிடையாது. உன் பெட்டியைத் தூக்க ஒரு முன்னாள் மந்திரி நிற்பார்.

இப்படிக்கு,
இந்தப் பதவி மட்டும் போகாத
உன் வீட்டுக்காரன்