பத்தொன்பதாம் கொக்கி

நவம்பர் 4, செவ்வாய்

பெண்டாட்டி டார்லீன் வெங்காயம் வாங்கிவரச் சொன்னாள். மர்லிஸின் மளிகைக்கடைக்கு என்னை அனுப்பினால் வெங்காயத்துக்கு ஐந்து நிமிடமும் பீருக்கு இரண்டு மணி நேரமும் ஆகும் என்று தெரிந்துதான் அனுப்புகிறாள். பால் அலமாரிக்கும் பூனைத் தீனிக்கும் நடுவே ஆறு பீர்க் குழாய், எட்டு முக்காலி. இன்று புதிதாக வெள்ளரி ஊறுகாய் பீர். பக்கத்து முக்காலியில் கர்ட் கண்ணை மூடி உறிஞ்சிவிட்டு, "கடைசியில லேசா பைன் மர வாசனை வருது" என்றான். எனக்கு முதலிலும் கடைசியிலும் ஊறுகாய்தான் வந்தது.

பெரிய செய்தி: கொக்கிக்குக் காத்திருப்போர் பட்டியலில் நான் முதல் ஆள். நான்கு வருடத் தவம். கல்லாவுக்கு மேலே நாற்பத்தெட்டு கொக்கி, அதில் நாற்பத்தெட்டு பேருடைய சொந்தக் குவளை. அதில் ஊற்றினால் நாலு மடக்கு கூடுதல். நான் மடக்குக்கு அலையவில்லை. அங்கே குவளை தொங்கினால் அவன் ஊர்க்காரன். மற்றவனெல்லாம் வெங்காயம் வாங்க வந்தவன். கொக்கி காலியாக வேண்டுமானால் யாராவது சாக வேண்டும், இல்லை வயசான காலத்தில் குளிருக்குப் பயந்து ஃப்ளோரிடாவுக்குக் குடிபோக வேண்டும். இரண்டும் ஒன்றுதான் என்கிறாள் மர்லிஸ்.

நவம்பர் 8, சனி

ஆரின் சாஸ்ட்ரோ இருமினார். வயது எழுபத்தொன்பது, கொக்கி எண் பத்தொன்பது. உடம்பு எப்படி என்று மூன்று தடவை கேட்டேன்.

"என்னய்யா வெர்ன், திடீர்னு என்மேல இவ்ளோ பாசம்?"

அக்கறை என்றேன். அக்கறைதான். எதன்மேல் என்று அவர் கேட்கவில்லை.

நவம்பர் 15

ஆரின் வரவில்லை.

நவம்பர் 22

இன்றும் வரவில்லை. கடையின் சட்டம்: தொண்ணூறு நாள் தன் குவளையில் குடிக்காதவனுக்குக் கொக்கி கிடையாது. கடைசியாகக் குடித்த தேதியை மர்லிஸ் குவளையின் அடியில் சாக்பீஸால் எழுதிவைக்கிறாள். முக்காலியிலிருந்து அண்ணாந்து பார்த்தேன். நவம்பர் 8. அப்படியானால் பிப்ரவரி 6.

சமையலறைக் காலண்டரில் வட்டம் போட்டேன். யாருக்குப் பிறந்தநாள் என்றாள் டார்லீன். பல் டாக்டர் என்றேன்.

டிசம்பர் 2

"பல் டாக்டர்கிட்ட போன் பண்ணிக் கேட்டேன். உன் பேரே இல்லையாம்."

முப்பத்தெட்டு வருடமாகப் பெண்டாட்டி. இதைக்கூட நான் யோசித்திருக்க வேண்டாமா? உண்மையைச் சொன்னேன்.

"ஒரு மனுஷன் சாகறதுக்கு நாள் எண்ணிட்டிருக்கியா?"

"சாக வேணாம் டார்லீன். மூணு மாசம் பீர் குடிக்காம இருந்தா போதும்."

உருளைக்கிழங்கும் கறியும் பாலாடைக்கட்டியும் சேர்த்து ஒரு தட்டு நிறைய அடுப்பில் சுட்டு, என் கையில் கொடுத்து, கதவைத் திறந்து நின்றாள்.

டிசம்பர் 3

ஆரின் வாசல் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டிருக்கிறார். தனி ஆள். மகள் அரிசோனாவில். தட்டோடு உள்ளே போனதும் அவர் கேட்ட முதல் கேள்வி: "என் கொக்கி இருக்கா?"

இருக்கிறது என்றேன்.

"அங்க போனா என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. இங்க டிவி மட்டும்தான் பேசுது. அதுக்கு என் பேர் தெரியாது." கொஞ்சம் கழித்து, "வரிசையில அடுத்தது யாரு?" என்றார்.

"தெரியலையே."

வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை. சீ.

டிசம்பர் 17

மூன்றாவது புதன்கிழமையாகச் சீட்டாட்டம். கிழவர் ஏமாற்றுகிறார், அதுவும் கூச்சமே இல்லாமல். நிலவரம் பார்க்கத்தான் போகிறேன் என்று டார்லீனிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவள் சிரிக்கிறாள்.

ஜனவரி 21

ஊன்றுகோலோடு குளியலறை வரை நடக்கிறார். எனக்கு ஏன் சந்தோஷம்? யாருடைய கட்சியில் இருக்கிறேன் நான்?

பிப்ரவரி 3

"வெள்ளிக்கிழமை உன் குவளையைக் கொண்டு வந்துடு" என்றாள் மர்லிஸ். கர்ட் என் முதுகில் தட்டினான். பட்டியலில் எனக்கு அடுத்து அவன்தான்.

இன்னும் ஒரு மாதம் தரக்கூடாதா என்று நானே கேட்டேன். என் வாய்தான் கேட்டது.

"எங்க அப்பா குவளையவே கழட்டியிருக்கேன் வெர்ன்."

பிப்ரவரி 6, வெள்ளி

முழங்கால் வரை பனி. மாவட்டத்துக்குப் பனி வாரும் வண்டி இருபத்தேழு வருடம் ஓட்டியவன் நான். என் சொந்த வண்டியின் முன்னாலும் வாரும் தகடு உண்டு. ஆரின் வாசலை வழித்தேன், அவரைத் தூக்கி உட்காரவைத்தேன், ஓட்டினேன். சக்கர நாற்காலி கேவலம் என்று அடம்பிடித்தார். கடைசியில் நாய்த் தீனி மூட்டை தள்ளும் வண்டியில் உட்கார்ந்து கடைக்குள் ஊர்வலம் வந்தார். முட்டை வாங்க வந்தவர்கள் வழிவிட்டார்கள். மர்லிஸ் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் குவளையை எடுத்தாள். அந்த வெள்ளரி ஊறுகாய் பீரைத்தான் கேட்டார்.

"கேவலமா இருக்கு" என்றவர் சொட்டு விடாமல் குடித்தார். மர்லிஸ் பழைய தேதியை அழித்து இன்றைய தேதியை எழுதினாள்.

திரும்பும் வழியில் சொல்கிறார்: "அடுத்தது நீதான்னு எனக்கு நவம்பர்லயே தெரியும்யா."

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா சீட்டாட வந்திருப்பியா?"

மோசக்காரக் கிழவர். புதன்கிழமை போவேன்.

ஏப்ரல் 14

ஆரின் நேற்றுக் காலை போய்விட்டார். தூக்கத்தில்.

ஏப்ரல் 18

கொக்கி வேண்டாம் என்று சொல்லத்தான் போனேன். சொல்லவே விடாமல் மர்லிஸ், பிப்ரவரியில் நான் கொடுத்துவைத்த என் குவளையைப் பத்தொன்பதில் மாட்டினாள். வெங்காய மூட்டை பக்கம் போய் நின்று அழுதேன். உரிக்காத வெங்காயத்துக்கு யார் கண்ணும் கலங்காது. மர்லிஸ் அதைச் சொல்லவில்லை, நல்ல மனுஷி.

நவம்பர் 11, புதன்

பத்து நாளாக இருமல். டார்லீன் கடைக்கு விட மாட்டேன் என்கிறாள்.

மதியம் கதவைத் தட்டினார்கள். கர்ட். கையில் கோழி சூப். கண் நேராக என் நெஞ்சைப் பார்த்தது.

"உடம்பு எப்படி இருக்கு வெர்ன்? சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

இரண்டாவது தடவையும் கேட்டான். மூன்றாவது தடவையும்.

சூப் நன்றாகவே இருந்தது. குடித்து முடித்துவிட்டுக் கேட்டேன்: "ஆமா, வரிசையில இப்ப அடுத்தது யாரு?"

கர்ட் தன் பூட்ஸைப் பார்த்தான்.

"தெரியலையே."

உட்காரச் சொல்லிவிட்டுச் சீட்டுக்கட்டை எடுத்தேன்.